உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு டிஷ்வாஷர்

"ஏம்மா, டம்ளர்ல திருநீறு பூசின மாதிரி இருக்கே, பாத்தியா?"

அத்தை காபி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டபோதுதான் நானும் உற்றுப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் முழுக்க மெல்லிய வெள்ளைப் படலம். விரலால் தேய்த்தால் போகவில்லை. கண்ணாடி டம்ளர்கள் இன்னும் மோசம், பனி மூடிய கார் கண்ணாடி மாதிரி மங்கியிருந்தன. டிஷ்வாஷர் வாங்கி அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

2020 ஊரடங்கில் வாங்கியது அது. வேலைக்கு வரும் அம்மாவால் வர முடியவில்லை, அத்தைக்கு மூட்டுவலி, எனக்கும் என் கணவருக்கும் வீட்டிலிருந்தே ஆபீஸ். மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு என்றால் சிங்க்கில் எவ்வளவு பாத்திரம் சேரும் என்று உங்களுக்கே தெரியும். யோசித்து யோசித்துத்தான் வாங்கினோம். வந்த நாளிலிருந்து அதன் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். ராத்திரி பத்து மணிக்கு கதவை மூடிவிட்டுப் படுக்கப் போகிறபோது கிடைக்கிற நிம்மதியை வேறு எந்த மெஷினும் எனக்குத் தந்ததில்லை.

அதனால்தான் அந்த வெள்ளைப் படலம் என்னை அவ்வளவு உறுத்தியது. சர்வீஸுக்குப் போன் போட்டோம். மூன்று தடவையில் மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் சோப்பை மாற்றச் சொன்னார். மாற்றினேன். இரண்டாமவர் பாத்திரத்தை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே வையுங்கள் என்றார். கழுவி வைப்பதற்கு மெஷின் எதற்கு என்று தோன்றியது, ஆனாலும் செய்தேன். மூன்றாமவர் கீழ்ப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஹீட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்று பேரில் ஒருவர்கூட, "உங்க வீட்டுக்கு என்ன தண்ணி வருது?" என்று கேட்கவில்லை.

அதைக் கேட்டவர், பாத்ரூம் கீசரைப் பழுதுபார்க்க வந்த தம்பி. கீசரிலிருந்து கழற்றிய காயிலைத் தரையில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார். காயில் மேல் விரல் பருமனுக்கு வெள்ளைப் பாறை. அதைப் பார்த்துவிட்டு சமையலறையில் இருந்த டம்ளரைக் கொண்டுவந்து காட்டினேன். "போர் தண்ணிதானே அக்கா? ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க" என்றார். பாதிப் பழத்தை டம்ளரின் ஒரு பக்கத்தில் தேய்த்து, இரண்டு நிமிஷம் விட்டு, துணியால் துடைத்தார். தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று வட்டமாகத் தெரிந்தது. "இது கறையில்லக்கா, சுண்ணாம்பு. கீசர்ல புடிச்ச அதேதான்."

இந்த எலுமிச்சைச் சோதனையை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி டம்ளர் மங்கினால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எலுமிச்சை பட்டதும் மங்கல் போனால் அது தண்ணீரின் சுண்ணாம்பு, சரிசெய்துவிடலாம். எலுமிச்சைக்கும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது. தண்ணீர் மிக மென்மையாக இருந்து, சோப்பும் சூடும் அதிகமானால் அப்படி ஆகும். அந்த டம்ளர் திரும்ப வராது. முதல் வகைக்கு உப்பு கூட வேண்டும், இரண்டாவது வகைக்கு சோப்பைக் குறைக்க வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், தெரியாமல் ஒன்றுக்கு மற்றதன் வைத்தியத்தைச் செய்துவிடுகிறோம்.

தண்ணீர் எப்படிச் சுண்ணாம்பாகிறது? மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. குளிர்ந்த நீரில் அது கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏறும்போது கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் திடப்பொருளாகப் படிந்துவிடும். இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். டிஷ்வாஷர் ஒவ்வொரு முறையும் 50, 60, சில சமயம் 70 டிகிரி வரை தண்ணீரைச் சுடவைக்கிறது. ஒரு தடவை ஓட சுமார் பத்து லிட்டர் தண்ணீர். தினமும் பத்து லிட்டர் போர் தண்ணீரைச் சூடாக்கும் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டால், உள்ளே என்ன நடக்கும் என்று புரிந்துவிடும்.

இதற்கு மருந்து மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. கீழ்த்தட்டை வெளியே எடுத்தால் தரையில் ஒரு வட்ட மூடி தெரியும். அதற்குள் போடுவதுதான் டிஷ்வாஷர் உப்பு. இந்த உப்பு பாத்திரத்தைக் கழுவுவதற்கு இல்லை. உள்ளே ஒரு அறையில் சின்னச் சின்ன பிசின் மணிகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியாகப் போகும்போது, மணிகள் தங்களிடம் இருக்கும் சோடியத்தை விட்டுக்கொடுத்து கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிகள் நிரம்பிய பிறகு, அடர்த்தியான உப்புநீர் வந்து பிடித்த கால்சியத்தை அடித்துக்கொண்டு வெளியேறும். உப்பு தீர்ந்துபோனால் மணிகள் நிரம்பியபடியே கிடக்கும், போர் தண்ணீர் நேராக ஹீட்டருக்குப் போகும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். உப்பு தீர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சோப்பு மாத்திரை போடுகிறோமே, உப்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த மாத்திரைகள் ஓரளவு கடினமான தண்ணீர் வரைதான் தாங்கும். எங்கள் தென்சென்னை போர் தண்ணீருக்கு அவை போதாது.

உப்புப் போடுவதிலும் முறை இருக்கிறது. முதல்முறை மட்டும் அந்தக் குழி நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். பிறகு கூடவே கொடுத்திருக்கும் புனலை வைத்து உப்பைக் கொட்டினால், உப்பு இறங்க இறங்க உள்ளே இருந்த தண்ணீர் பொங்கி வெளியே வழியும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். கரண்டிக் காம்பால் ஒரு கிளறு கிளறினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். மூடும் முன் மூடியின் மரையில் ஒரு உப்புக் கல்கூட ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் மூடி சரியாக உட்காராமல் உப்புநீர் கசியும். மூடியதும் உடனே மெஷினை ஓடவிட வேண்டும். வழிந்த உப்புநீரை எவர்சில்வர் தரையில் ராத்திரி முழுக்க விட்டால் துரு பிடிக்கும். அதனால் நான் எப்போதும் பாத்திரம் எல்லாம் அடுக்கி, ஓடவிடப் போகும் நேரத்தில்தான் உப்புப் போடுகிறேன்.

சமையல் உப்பு போடலாமா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வேண்டாம். தூள் உப்பில் அயோடினும் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும், தூள் வேறு சேறாகி அடைத்துக்கொள்ளும். கல் உப்பில் மண்ணும் கரையாத துகளும் உண்டு. டிஷ்வாஷருக்கென்று விற்கும் உப்பு சுத்தமான சோடியம் குளோரைடு, பெரிய பெரிய மணிகளாக இருக்கும். தினமும் ஒரு தடவை ஓட்டும் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் செலவாகிறது. இன்னொன்று, அந்தக் குழியில் தவறியும் சோப்புத்தூள் விழக் கூடாது. மணிகள் கெட்டுவிட்டால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டிவரும்.

உப்பு மட்டும் போட்டால் வேலை முடியாது. நம் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பதை மெஷினிடம் சொல்ல வேண்டும். அதற்குத் தகுந்தபடிதான் எத்தனை தடவைக்கு ஒருமுறை மணிகளை உப்புநீரால் அலசுவது என்று அது முடிவெடுக்கிறது. மெஷினைப் பொருத்த வந்தவர் ஏதோ ஒரு எண்ணை வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த எண் உங்கள் தெருவின் தண்ணீருக்குப் பொருந்துமா?

ஆர்ஓ சர்வீஸ்காரர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கிச் சொல்லும் டிடிஎஸ் எண் இதற்கு உதவாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுவது. நமக்கு வேண்டியது கால்சியம், மெக்னீசியம் மட்டும், அதாவது கடினத்தன்மை. அதற்குச் சொட்டுச் சோதனை டப்பா ஒன்று கிடைக்கிறது, மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்துவது. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து முதல் மருந்தைவிட்டால் பீட்ரூட் சாறு நிறத்துக்கு வரும். இரண்டாவது மருந்தை ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டே விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு மெல்ல ஊதாவாகி, ஒரு சொட்டில் சட்டென்று தெளிந்த நீலமாக மாறும். அந்தச் சொட்டு எத்தனையாவது என்பதுதான் கணக்கு. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். எங்கள் போர் தண்ணீர் லிட்டருக்கு 480 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. மெஷினோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் ஜெர்மன் அளவு இருக்கும். நம் எண்ணை 18ஆல் வகுத்தால் அது வந்துவிடும். 480க்கு ஏறக்குறைய 27. எங்கள் மெஷினில் பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன எண் இதில் பாதிக்கும் கீழே இருந்தது.

சென்னையில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே தண்ணீர் ஒரே தண்ணீராக வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் போர் இறங்கிப்போய் லாரித் தண்ணீர் வாங்குவோம். வடகிழக்குப் பருவமழை கொட்டிய பிறகு கிணறும் போரும் ஏறி, தண்ணீர் கொஞ்சம் இளகும். சில வீடுகளில் மெட்ரோ தண்ணீரும் போரும் ஒரே தொட்டியில் கலக்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது பல தெருக்களில் போரை இன்னும் ஆழமாக இறக்கினார்கள். அதனால் நான் வருஷத்துக்கு இரண்டு முறை, தைப்பொங்கல் கழிந்த பிறகு ஒரு தடவை, அக்னி நட்சத்திரத்தில் ஒரு தடவை, சொட்டு எண்ணி மெஷினின் எண்ணை மாற்றுகிறேன். ஐந்து நிமிஷ வேலை. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இனி ஃபில்டர். நம் சமையலுக்கு இது வாரம் ஒருமுறை, மீன் குழம்பு வைத்த வாரத்தில் இரண்டு முறை. நடுவில் இருக்கும் உருளையை இடப்பக்கம் திருகினால் தூக்க வரும், அதனடியில் இருக்கும் தட்டைச் சல்லடையும் கூடவே வரும். முதல்முறை தூக்கியபோது எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கறிவேப்பிலைக் காம்புகள், தாளித்த கடுகு, புளி நார், ஊறுகாய் பாட்டிலில் இருந்து உரிந்த லேபிள், எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிப்பிடித்த ஒரு மஞ்சள் கொழுப்பு. கதவைத் திறக்கும்போதெல்லாம் வந்த முட்டை வாடைக்குக் காரணம் அதுதான். வாசனைப் பொருளை வாங்கி உள்ளே தொங்கவிட்டிருந்தேன். அதற்குப் பதிலாக ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, ஓடும் குழாய்த் தண்ணீர் போதுமாக இருந்தது. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் நுண்ணிய வலை கிழிந்துவிடும். திரும்ப வைக்கும்போது உருளை 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கழிவு நேராகப் பம்புக்குப் போய்விடும்.

ஃபில்டரை எடுத்த குழிக்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ரப்பர் காய்ந்துவிடாமல் இருக்க அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் தண்ணீரை மொண்டு எடுத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே தடவிப் பாருங்கள். கையுறை கட்டாயம், உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒருதடவை முருங்கைக்காய்ச் சக்கை பம்பின் சின்ன விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டில் இருப்பதைக் குப்பையில் தட்டிவிட்டு வைத்தால் போதும், கழுவி வைக்கத் தேவையில்லை. சோப்பில் இருக்கும் நொதிகளுக்குக் கரைக்கக் கொஞ்சம் மாவும் புரதமும் வேண்டும், அவற்றின் வேலையே அதுதான். ஆனால் சக்கை, காம்பு, எலும்பு மட்டும் உள்ளே போகக் கூடாது.

தண்ணீர் பீய்ச்சும் கைகளைப் பலரும் கழற்றிப் பார்ப்பதே இல்லை. ஆனால் மெஷினின் வேலையே அவற்றில்தான் இருக்கிறது, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886இல் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை வைத்துக் காட்டினார். அவருடைய மெஷின், பாத்திரத்தைக் கம்பிக் கூடையில் நிறுத்தி, தண்ணீரை வேகமாக அடித்தே கழுவியது. இன்றைக்கும் நம் மெஷினுக்குள் தேய்க்கும் பிரஷ் எதுவும் கிடையாது. தண்ணீரின் வேகம்தான் கை. அப்படியிருக்க ஓட்டை அடைத்தால் மெஷினின் கையைக் கட்டிவிட்ட மாதிரி.

ஓட்டையின் அளவும் கடுகின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. கீழ்க் கை நேராகத் தூக்கினால் வந்துவிடும், மேல் கைக்கு ஒரு மரை இருக்கும். கழற்றி காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் கடுகோ, சுண்ணாம்புச் சில்லோ இருக்கிறது. பல்குச்சியால் குத்தி உள்ளே தள்ளாமல் வெளியே நெம்பி எடுத்து, ஒரு முனையைக் குழாயில் பிடித்தால் மறுமுனை ஓட்டைகளில் தண்ணீர் வரிசையாகப் பீய்ச்ச வேண்டும். எந்த ஓட்டையில் வரவில்லையோ அதுதான் உங்கள் தட்டில் ஒட்டியிருந்த சாம்பாருக்குக் காரணம்.

ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பைக் கரைக்க எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் கிடைப்பதுதான். மெஷினைக் காலியாக வைத்து, சுமார் நூறு கிராம் எலுமிச்சை உப்பை உள்தரையில் தூவி, சோப்பு எதுவும் இல்லாமல், இருப்பதிலேயே கடுஞ்சூடான முறையை விட்டுவிட்டு நடுத்தரச் சூட்டில் ஓடவிட்டேன். முதல் தடவை முடிந்து கதவைத் திறந்தபோது ஹீட்டர் பக்கத்துச் சுவர் நிறமே மாறியிருந்தது. அடுத்த வாரம் இன்னொரு தடவை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அத்தைக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "இட்லிப் பானை அடியில ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியைப் போடுறது எதுக்குன்னு நினைச்சே?" என்றார்கள். சுண்ணாம்புக்குப் புளிப்புதான் மருந்து என்று அவர்களுக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும்.

வினிகரையும் சோடா மாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். நுரைத்து அடங்கியதும் ஒன்று மற்றதைச் செயலிழக்கச் செய்துவிடும். பிளீச்சிங் பவுடர் கலந்த கிளீனரை உள்ளே விடவே விடாதீர்கள். எவர்சில்வரை அரிக்கும். எலுமிச்சை உப்போடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து.

வாரம் ஒருமுறை மிகச் சூடான முறையில் ஒரு தடவை ஓட்டுங்கள். தினமும் மிதமான சூட்டில் ஓட்டும்போது குழாய்க்குள் படியும் நெய்யும் எண்ணெயும் அப்போதுதான் இளகிப் போகும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் படுவதே இல்லை, அங்கே ஈரத்துணியால் நீங்கள்தான் துடைக்க வேண்டும். ரப்பர் மடிப்புக்குள்ளும் அப்படியே. வேலை முடிந்ததும் கதவை இரண்டு விரல் இடைவெளிக்குத் திறந்து வையுங்கள். மஞ்சள் பட்டு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் மஞ்சளானால் கவலை வேண்டாம். கழற்ற முடிந்ததை வெயிலில் வைத்தால் நிறம் மங்கும்.

மேல் தொட்டியைக் கழுவிய வாரத்தில் தண்ணீர் வரவில்லை என்று மெஷின் நின்றால், பதற வேண்டாம். குழாயை மூடி, தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினால் அதன் வாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். மணலும் துருவும் அங்கே அடைத்திருக்கும். அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது தண்ணீர் அழுத்தத்தின் கணக்கு. தொட்டி தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். வாங்கும் முன்பே உங்கள் மெஷின் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாத்திரமும் இதற்குள் போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரும்புத் தோசைக்கல், கல்சட்டி, மண்சட்டி, ஈயச்சொம்பு, பித்தளை, மரக்கரண்டி எல்லாம் எங்கள் வீட்டில் கையால்தான். மண்சட்டி சோப்பைக் குடித்துக்கொண்டு அடுத்த குழம்பில் விடும். பழக்கி எடுத்த தோசைக்கல்லை ஒரே ராத்திரியில் மெஷின் துருவாக்கிவிடும். அலுமினியக் குக்கரும் கறுத்துப்போகும்.

ஞாயிறு காலை காபி முடிந்ததும் ஃபில்டரைக் கழுவுவது இப்போது கணவருடைய வேலை, உப்பு பார்ப்பது என்னுடையது. டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை அத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் வீட்டு டம்ளரும் வெளுத்திருந்தால், பாகத்தை மாற்றப் பணம் கட்டும் முன் பாதி எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துப் பாருங்கள், உப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். அன்றைக்கு மாற்றச் சொன்ன ஹீட்டர் இன்றைக்கும் அதே மெஷினில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.